விற்க முதல் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்து மரக்காலைகளுக்கும் தச்சாயுதக் கடைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும், கவுன்டரில் நிற்கிற அண்ணைமார் தம்பிமாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாண நகரத்திலும் சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, நெல்லியடிப் பக்கங்களிலும் மரம் விற்கிற, மரம் அரிகிற, உளியில் இருந்து மெஷின் வரைக்கும் வைத்து விற்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடையின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு கடையின் பெயரைச் சொன்னால் மற்றக் கடைக்காரர் எல்லோரும் "அது நாங்களில்லை" என்று இருந்துவிடுவார்கள், பேச்சும் அந்தக் கடையைப் பற்றியதாகவே போய்விடும். நான் கோப்பாய்ப் பக்கம் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை நடத்துகிறேன். முன்பள்ளிகளுக்குக் கதிரை, மேசை, புத்தகத் தட்டு, பிள்ளைகள் அடுக்கி விளையாடுகிற மரக்கட்டைகள், இவைதான் அதிகம் செய்வது, இடைக்கிடை யாராவது கேட்டால் கதவு, யன்னலும் செய்வோம். உங்கள் கடைகள் இல்லாமல் என் தொழில் ஒரு கிழமை ஓடாது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஒரு சாமானை வாங்கிக்கொண்டு போகிற ஆள் பட்டறையில் வைத்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறாரோ, அது உங்களுக்கு முதலே தெரியுமென்றால் விற்க முதல் சொல்லிவிடுங்கள். தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, இருத்தி வைத்துத் தேத்தண்ணி தரச் சொல்லியும் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

முதலில் மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஈரப் பலகையைக் காய்ந்த பலகை என்று சொல்லி விற்பதுதான் எங்கள் தொழிலை ஆகக் கூடக் கெடுக்கிறது. அரிந்த பலகை ஒரு மாதம் வெளியில் அடுக்கிக் கிடந்தால் மேல்பக்கம் வெளுத்து, தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே அப்படியில்லை. ஒரு மரக்காலையில் "ஆறு மாசம் காய்ஞ்சது பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கோ" என்று சொல்லித் தந்த வேப்பம் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தலைப்பில் நாலு அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, புதிதாக வெட்டுப்பட்ட முகத்தில் ஈரம் பார்க்கிற மீற்றரின் இரண்டு ஊசியையும் அழுத்தினேன். 26 சதவீதம் காட்டியது. வெட்டின இடத்தைத் தொட்டால் விரல் குளிர்ந்தது. அறுத்த தூள் பறக்கவேயில்லை, வாளின் பல்லோடு ஒட்டி, திரண்டு திரண்டு கீழே விழுந்தது. ஆறு மாதம் நிழலில் காற்றோட்டமாகக் கிடந்த பலகை இப்படி இருக்காது என்று அதை விற்றவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர்க் காற்றில் வீட்டுக்குள் கிடக்கிற மரத்தின் ஈரம் ஏறக்குறைய 12க்கும் 15 சதவீதத்துக்கும் இடையில்தான் வந்து நிற்கும். மரத்தில் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரமும் சுருங்கத் தொடங்கும். நீளத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, எல்லாச் சுருக்கமும் அகலத்தில்தான், அதிலும் வளையங்களின் வளைவோடு போகிற திசையில் சுருங்குவது, நடுவில் இருந்து தோலை நோக்கிப் போகிற திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 26இல் வாங்கின பத்து அங்குலப் பலகை 14க்கு இறங்கும்போது மரத்தைப் பொறுத்துக் கால் அங்குலம் வரைக்கும் குறைந்துபோகலாம். அப்படி மூன்று பலகையை ஒட்டி ஒரு மேசை செய்து பாருங்கள். மாரியில் பூட்டினால் தை மாசி வரைக்கும் வடிவாக இருக்கும், சோளகம் வீசத் தொடங்கினதும் ஒட்டு விடும், அல்லது பலகை நடுவால் வெடிக்கும். அந்த மேசையைப் பார்க்கிற முன்பள்ளி ரீச்சருக்கு எந்த மரக்காலையில் வாங்கினது என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான்.

இத்தனைக்கும் ஈரப் பலகை ஒரு குற்றமான பொருள் இல்லை. "இது அரிஞ்சு மூன்று கிழமைதான் பிள்ளை" என்று நேராகச் சொன்னால் நான் வாங்காமல் திரும்பிப் போகமாட்டேன். விலையை அதற்குத் தக்கதாகக் கதைத்து வாங்கிக்கொண்டு வந்து, தலைப்புக்குப் பெயின்ற் பூசி, இடையிடையே சலாகைத் துண்டு வைத்து அடுக்கி, நிழலில் காயவிட்டு, அடுத்த வருட வேலைக்கு எடுப்பேன். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று பழைய ஓடாவிமார் கணக்குச் சொல்வார்கள், எங்கள் வெயிலுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும் அந்தக் கணக்குப் பிழைத்ததில்லை. பலகையின் தலைப்பில் அரிந்த மாதத்தை ஒரு சோக்கால் எழுதிவிடுங்கள். அதற்கு ஒரு சதம் செலவில்லை, ஒரு வாதமும் வராது.

அடுத்தது அளவு. ஓர் அங்குலப் பலகை என்று கன அடிக் கணக்கில் காசு வாங்குகிறீர்கள், கையில் வருவது முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று. எட்டில் ஏழு அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், பத்துக் கன அடிக்குக் காசு கட்டின ஆளுக்கு எட்டே முக்கால் கன அடி மரம்தான் கிடைக்கிறது. வாள் தின்கிறது, அரியும்போது ஏறி இறங்குகிறது, அதெல்லாம் எங்களுக்கும் விளங்கும். அந்த இழப்பையும் சேர்த்து விலை போடுவது உங்கள் நியாயம். ஆனால் பில்லில் "1 அங்குலம்" என்று எழுதிவிட்டுக் குறைந்த தடிப்பைத் தந்தால் நான் ஒரு வீட்டுக்காரருக்குக் கொடுத்த கணக்கும் பிழைக்கிறது, அதைச் சீவி மட்டமாக்கும்போது இன்னும் ஒரு துண்டு போய்விடுகிறது, கடைசியில் ஓர் அங்குலம் சொன்ன இடத்தில் முக்கால் அங்குலம் நிற்கிறது. பிளைவூட்டிலும் இதே கதைதான். 18 மில்லிமீற்றர் என்று எட்டுக்கு நாலு சீற்றை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளம் எடுத்துப் பொருத்தினால் லொடலொடவென்று ஆடும், அளந்தால் 16 சொச்சம். உள்ளதைச் சொல்லுங்கள், நாங்கள் பள்ளத்தை 16க்கு எடுப்போம்.

முதிரை, பாலை மரங்கள் வாங்கும்போது பெர்மிட் பற்றியும் சொல்லவேண்டும். குடாநாட்டில் அந்த மரங்களுக்குக் காடு இல்லை, எல்லாம் வன்னிப் பக்கம் இருந்துதான் வருகிறது. எங்கே தறித்தது, எந்த அனுமதியில் வந்தது என்கிற துண்டு உங்களிடம் இருக்கும். பட்டா லொறியிலோ லாண்ட்மாஸ்டரிலோ ஏற்றிக்கொண்டு போகிற எங்களைத்தான் வழியில் பொலிஸ் மறிப்பது. "ஒண்டும் கேக்கமாட்டாங்கள், போங்கோ" என்று சொல்லி அனுப்பாமல் அந்தத் துண்டின் பிரதியையும் பில்லையும் சேர்த்துத் தந்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லும்போது ஒரு மனுசனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு மில்லில் வாளடியில் நிற்கிற ஐயா ஒருவர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும், காதுக்கு மேலே எப்போதும் ஒரு பென்சில். யார் குற்றி கொண்டுபோனாலும் வாளில் ஏற்ற முதல் "என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்பார். கதிரைக் காலுக்கா, மேசைப் பலகைக்கா, நிலைக்கா. கேட்டுவிட்டுக் குற்றியை உருட்டுவார், இரண்டு தலைப்பையும் பார்ப்பார், நட்டநடுக் குருத்து எங்கே நிற்கிறது, வெடிப்பு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பெருவிரலால் தடவிப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போடுவார். நான் கொண்டுபோன மலைவேம்புக் குற்றிக்கு அவர் சொன்னது இது: "இப்பிடி அரிஞ்சால் ரெண்டு பலகை கூட வரும், ஆனால் வளையும். இந்தப் பக்கம் திருப்பி அரிஞ்சால் குறைய வரும், நேராய் நிக்கும். எது வேணும்?" நான் இரண்டாவதைக் கேட்டேன். குருத்து வந்த நடுப் பலகையை வேறாக எடுத்து, "இதை மேசைக்குப் போடாதேங்கோ, வெடிக்கும், கட்டை அறுக்க வைச்சுக்கொள்ளுங்கோ" என்று தனியே அடுக்கித் தந்தார். கூலி மற்ற மில்களில் வாங்குகிறதுதான். அவர் கேட்ட ஒரு கேள்விக்காகவும் சொன்ன நாலு வசனத்துக்காகவும் கோப்பாயில் இருந்து அவ்வளவு தூரம் குற்றியைக் கொண்டுபோகிறேன், என்னைப் போல எத்தனையோ பேர் போகிறார்கள், அவருடைய வாளடியில் எப்போதும் வரிசைதான்.

இனி ஆயுதக் கடைகள்.

ட்ரிமர் என்று சொல்கிற சின்ன ரவுட்டர் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உருட்ட, பள்ளம் எடுக்க, கதவில் கோடு போட, இப்போது எல்லாப் பட்டறையிலும் அது இருக்கிறது. அதில் மரத்தை வெட்டுகிற பிட்டைக் கவ்விப் பிடிக்கிற கொலெட் 6 மில்லிமீற்றரிலும் வரும், கால் அங்குலத்திலும் வரும். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடைகளில் இரண்டு வகைப் பிட்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். 6 மில்லிமீற்றர் தண்டுள்ள பிட்டைக் கால் அங்குலக் கொலெட்டுக்குள் விட்டு இறுக்கினால் ஸ்பானர் ஓரிடத்தில் நிற்கும், இறுகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மெஷின் நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும்போது அந்தப் பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறங்கும். என் பட்டறையில் வேலை பழகுகிற பொடியன் தானே போய் வாங்கிவந்த பிட்டில் இது நடந்தது. புத்தகத் தட்டின் பக்கப் பலகையில் பள்ளம் எடுத்துக்கொண்டு போனான். தொடங்கின இடத்தில் ஆழம் 5 மில்லிமீற்றர், ஓர் அடி தள்ளி 9. மெஷினின் சத்தம் மாறினதைக் கேட்டு நான் ஓடிப்போய் நிப்பாட்டச் சொல்லாவிட்டால் அந்தப் பிட் கழன்று எங்கே பாய்ந்திருக்கும் என்று நினைக்கவே ஏலாது. கழற்றிப் பார்த்தபோது தண்டில் கொலெட் உரசின இடத்தில் சுற்றிவரக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது, தொட முடியாத சூடு.

அந்தப் பிட்டையும் தடிப்பு அளக்கிற வேர்னியரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கவுன்டரில் நின்ற தம்பி சொன்னார்: "உது எல்லாத்துக்கும் போடுறதுதான் அக்கா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கோ." அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது, கடையில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். ஒரு பொடியனின் விரலோ கண்ணோ போகிற விசயம், இரண்டு டப்பா வாங்கிப் பிரித்துப் போட்டு மேலே மார்க்கரால் எழுதிவைத்தால் முடிந்துவிடும். பிட் கேட்டு வருகிறவரிடம் "உங்கட மெஷின் 6 மில்லியோ, கால் இஞ்சியோ?" என்று கேட்கப் பழக்கினால் அதைவிட நல்லது. 12 மில்லிமீற்றருக்கும் அரை அங்குலத்துக்கும் இடையிலும் இதே பிரச்சினை இருக்கிறது, அரை அங்குலம் என்பது 12.7.

கிரைண்டருக்கு மரம் அறுக்கிற பல்லுத் தட்டுப் பூட்டி விற்பதையும் தயவுசெய்து நிப்பாட்டுங்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று ஓடுகிறது. தட்டில் அதன் உச்ச வேகம் அச்சடித்திருக்கும், சிலதில் அது கிரைண்டரின் வேகத்துக்குக் கீழே. வேகம் ஒத்துவந்தாலும் மரத்தில் பல்லுச் சிக்கினால் கிரைண்டர் கையை உதறிக்கொண்டு முகத்துக்குத்தான் வரும். அதைக் கவசத்தையும் கழற்றிக் காட்டி "இதுவே காணும், சேக்கிளர் சோ (வட்ட வாள் மெஷின்) தேவையில்லை" என்று சொல்லி விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் இருந்து வருகிற பாவித்த மெஷின்களைப் பற்றியும் இதையேதான் சொல்லவேண்டியிருக்கிறது. அருமையான மெஷின்கள், புதுச் சீனச் சாமானைவிடப் பத்து வருடம் பழைய ஜப்பான் சீவுளி மெஷின் நன்றாக ஓடும், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், எங்களுடையது 230. மெஷினின் அடியில் ஒரு சின்னத் தகட்டில் எல்லாம் ஜப்பான் எழுத்தில் இருக்கும், நடுவில் 100 என்ற எண் மட்டும் தெரியும். இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் மெஷினின் வாட்ஸுக்கு மேலே தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். கடையில் ட்ரான்ஸ்போமரில் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டு, மெஷினை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கினவர் வீட்டுப் பிளக்கில் குத்துவார், சில விநாடியில் புகை வரும். பக்கத்து ஊரில் வெளிநாட்டில் இருந்து அண்ணன் அனுப்பின காசில் முதல் மெஷின் வாங்கின ஒரு பொடியனுக்கு இதுதான் நடந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது "எரிஞ்ச சாமான் எடுக்கிறதில்லை" என்றார்களாம். ஒரே ஒரு வசனம், "தம்பி இது நூறு வோல்ட்", அவனுடைய காசைக் காப்பாற்றியிருக்கும்.

வாறண்டியும் அப்படித்தான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்கிறீர்கள், கார்டில் திகதியும் சீலும் இல்லை, பழுதானால் கொழும்புக்கு அனுப்பவேண்டும், போய்வர எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது. பெரிய திருத்தமென்றால் சரி. ஆனால் காபன் பிரஷ் தேய்ந்து மெஷின் நிற்பது ஒரு பழுதே இல்லை. அது தேயத்தான் செய்தது, விரல் நகத்தளவு இரண்டு கரித்துண்டு, பக்கத்து மூடியைக் கழற்றி மாற்றினால் மெஷின் திரும்ப ஓடும். எந்த மெஷினை விற்கிறீர்களோ அதற்குரிய பிரஷ் ஒரு பத்துச் சோடி லாச்சியில் வைத்திருங்கள். அது இல்லாததால் கிழமைக்கணக்கில் மெஷினை மூலையில் போட்டுவிட்டுக் கைவேலை செய்த பட்டறைகள் இந்த ஊரில் இருக்கின்றன.

ஆட்களை நடத்துகிற விதத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். நான் ஒரு பெண். கவுன்டரில் நான் நின்றால் எனக்குப் பிறகு வந்தவருக்குச் சாமான் போய்விடும். "யாருக்குப் பிள்ளை, அண்ணாவுக்கோ?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்று சொன்னாலும் விளக்கத்தை என்னோடு வந்த உதவியாள் பொடியனைப் பார்த்துச் சொல்வார்கள், அவனுக்கு அரைவாசி விளங்காது, அவன் என்னைப் பார்ப்பான். தொழில் படித்து, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை எடுத்து, பட்டறை நடத்தி, மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒருத்தி முன்னால் நிற்கும்போது அவளோடு கதைப்பதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? இப்போது தொழில்நுட்பக் கல்லூரிகளில் இருந்தும் பயிற்சி நிலையங்களில் இருந்தும் பெண் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரப் பார்க்கிறார்கள். முதல் உளி வாங்கப் போகிற கடையிலேயே "ஆம்பிளை ஆரும் வரேல்லையோ" என்று கேட்டால் அந்தப் பிள்ளை இரண்டாவது உளி வாங்க வருமா?

எனக்கு மட்டும் நடக்கிற விசயமாக இதை நினைக்கவேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஓர் ஓடாவியார் இருக்கிறார், கோயில் வாகன வேலை எல்லாம் செய்த கை. வாள் தீட்டுகிற முக்கோண அரம் ஒன்று தேடிப் போனார். "இப்ப ஆர் ஐயா வாள் தீட்டுறது, புதுசு வாங்குங்கோ" என்று புது வாளைத் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வாளின் பல்லு நுனி நீலம் கலந்த கறுப்பாக இருந்தது. நுனியை மட்டும் சூடாக்கி இறுக்கின பல்லு அது, நீண்ட காலம் கூராக நிற்கும், மழுங்கினால் அரம் அதைப் பிடிக்காது, எறியவேண்டியதுதான். அவர் வேறு எங்கோ தேடி ஒரு நல்ல அரம் வாங்கிவந்து அந்த வாளில் ராவப் போய், அரமும் வழுக்கிப் பழுதாகிவிட்டது. ஐம்பது வருடம் வாள் தீட்டின மனுசன் திண்ணையில் இருந்துகொண்டு தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பல்லைக் காட்டிச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. இதை விற்ற இடத்தில் சொல்லியிருக்கவேண்டாமா?

ஏன் இப்படி வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் வியாபாரிகள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சீமெந்து இல்லை, இரும்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை இல்லை. 2002இல் பாதை திறந்தது, 2006இல் திரும்பப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஆணிப் பெட்டி கடையில் இருந்தாலே பெரிய காரியம். வருகிறவர் கேட்பது "இருக்கோ?", கடைக்காரர் சொல்வது "இருக்கு" அல்லது "இல்லை", வியாபாரம் முடிந்துவிடும். எது நல்லது, எது எதற்குப் பொருந்தும் என்று கேட்க யாருக்கும் நேரமும் இல்லை, தெரிவும் இல்லை. அப்படி ஒரு தலைமுறை கடை நடத்தி, அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது தட்டு நிறையச் சாமான் இருக்கிறது, ஒரே உளியில் பத்து வகை இருக்கிறது, ஆனால் கவுன்டரில் கேட்கிற பேச்சு இன்னும் அந்த இரண்டு சொல்லைத் தாண்டவில்லை.

உங்கள் பக்கக் கஷ்டமும் எங்களுக்குத் தெரியும். 2022இல் 200 ரூபா நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டபோது, வாங்கின விலைக்கு விற்றால் திரும்ப அதே சாமானை எடுக்க ஏலாத நிலை உங்களுக்கு வந்தது. கரண்ட் இல்லாமல் மில் நின்ற நாட்கள் எத்தனை. நல்ல பொடியன்கள் கடையில் நிற்கமாட்டார்கள், கொஞ்சம் பழகினதும் வெளிநாடு போய்விடுகிறார்கள், திரும்பத் திரும்பப் புது ஆளுக்கு ஆனா ஆவன்னாவில் இருந்து சொல்லிக் கொடுக்கவேண்டும். கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவாகிற மேசன்மாரும் எங்களைப் போன்ற பட்டறைக்காரரும் இருக்கத்தான் செய்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் உண்மையைச் சொல்வதற்கு டொலரும் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை.

சட்டத்தைக் காட்டி வெருட்ட நான் எழுதவில்லை, இருந்தாலும் தெரிந்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விலையைப் பார்வைக்கு வைக்கவேண்டும், வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அதற்கும் முந்தி 1896இலேயே வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், என்ன பொருள் என்று சொல்லி விற்றீர்களோ அந்த விவரத்துக்குப் பொருள் ஒத்துவரவேண்டும் என்கிறது. "காய்ந்த தேக்கு" என்று சொல்லி விற்றால் அது தேக்காகவும் இருக்கவேண்டும், காய்ந்தும் இருக்கவேண்டும். பில் கேட்டால் "பில் போட்டால் விலை கூடும் பிள்ளை" என்று சொல்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுவரில் பெரிதாக "விற்ற சாமான் மீளப் பெறப்படமாட்டாது" என்று ஒட்டிவிட்டால் பிழையான சாமானைத் தந்த பொறுப்பும் போய்விடும் என்று நினைக்கவும் வேண்டாம்.

இப்போது என் வயதுக்காரர் பலர் கொழும்பில் இருந்து ஓடர் பண்ணி எடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் பிட்டின் தண்டு எத்தனை மில்லி என்று பதில் வருகிறது, கேட்டால் வேர்னியரை வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், ஒன்றிரண்டு நாளில் பார்சல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற, முகம் தெரியாத ஆள் அளந்து சொல்கிறார். சைக்கிளில் போய்க் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிற உங்களிடம் அந்தப் பதில் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. ஏனென்றால் உளியைக் கையில் பிடித்துப் பார்த்து, முதுகுப் பக்கம் மட்டமா என்று வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து வாங்குவது போல் எந்தப் படமும் வராது. என் காசு இந்த ஊரிலேயே சுழலவேண்டும் என்பதும் என் விருப்பம். மரத்தைப் பார்சலில் எடுக்கவும் ஏலாது.

மாதத்தில் ஒரு நாள் கடை பூட்டின பிறகு ஓர் அரை மணித்தியாலம், வேலை செய்கிற பொடியன்களோடு ஓர் ஓடாவியாரையோ பட்டறைக்காரரையோ இருத்திக் கதைக்க விடுங்கள். எந்தப் பிட் எந்த மெஷினுக்கு, எந்தப் பசை தண்ணீருக்குத் தாங்கும், எந்தத் தட்டு எந்த மரத்துக்கு என்று சொல்லித் தர நான் வரத் தயார், காசு வேண்டாம். என்னைப் போல இன்னும் சிலரும் வருவார்கள், கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்களுக்கும் உங்களிடம் படிக்க நிறைய இருக்கிறது, முதிரையையும் மற்ற மரங்களையும் மணத்தில் பிரித்துச் சொல்கிற கிழவர்கள் இன்னும் சில மரக்காலைகளில் இருக்கிறார்கள்.

புது வருட வகுப்புத் தொடங்க முதல் இரண்டு முன்பள்ளிகளுக்குக் கதிரை, மேசை கொடுக்கவேண்டும். வேம்பு அல்லது மகோகனி, ஓர் அங்குலப் பலகை, இருபது கன அடி அளவில் தேவைப்படும். எப்போது அரிந்தது, உண்மையான தடிப்பு எவ்வளவு, என்ன விலை என்று மூன்றையும் பில்லில் எழுதித் தரக்கூடிய மரக்காலை எதுவென்றாலும் நான் வருகிறேன். மீற்றரையும் கொண்டுவருவேன். 20 காட்டினாலும் பரவாயில்லை, 20 என்று நீங்களே முதலில் சொல்லியிருந்தால் அன்றைக்கே முற்பணம் தருவேன்.

இப்படிக்கு,
கோப்பாயில் ஒரு தச்சுப் பட்டறைக்காரி